எறிபொருட் படங்களில் இளிவரலும் மருட்கையும்

அமெரிக்க நிழற்படக் கலைஞர் இர்விங் பென் (1917–2009) வோக் இதழின்பொருட்டுப் பல்லாண்டுகள் ஆடை அணிகளைப் படமாக்கியவர். விளம்பரப் படங்களும் எடுத்தவர். அவர் 1972ஆம் ஆண்டில் நியூயார்க்குத் தெருக்களிற் கிடந்த சிகரெட்டுத் துண்டுகளைத் திரட்டி, வெற்றுப் பின்னணியில் ஒன்றும் இரண்டுமாக நிறுத்திப் படமெடுத்தார். அவற்றைப் பெரிய பிளாட்டினப் படிகளாகவும் ஆக்கினார். 1975இல் அந்நகரின் நவீனக் கலைக் காட்சியகத்தில் அவை வைக்கப்பெற்றன. குப்பைக்கு இத்துணை உயர்ந்த முறை எற்றுக்கு என வினவுதல் இயல்பே.

தொல்காப்பியர் இளிவரலுக்கு அழுக்கை நிலைக்களனாகக் கூறவில்லை. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பனவே அவர் கூறுவன. பென்னின் துண்டுகளில் இந்நான்கும் உள. நசுங்கி, தாள் கிழிந்து, வளைந்து, நோயுற்ற முதியோர்போல் அவை நிற்கின்றன. புகையிலையைத் தீண்டாத எமக்கும் அவற்றின்மேல் அருவருப்பினும் இரக்கமே மிகுகின்றது.

மருட்கைக்குரிய நான்கு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. விரலளவினும் சிறிய துண்டு பேருருக் கொள்ளுங்கால் சிறுமை வியப்பைத் தருகின்றது. பிளாட்டினப் படியில் உருவம் தாளின் நாரிலேயே ஊன்றி நெடுங்காலம் மங்காது நிற்கும். சில நிமிடங்களில் எறியப்படுவதற்கென்றே செய்த பொருள் அவ்வாறு நிலைபெறுதல் ஆக்கத்தின்பாற்படும் என்க.

கிறிசு சோர்டான் என்பார் 2003 முதல் எடுத்த ‘தாங்கவொண்ணா அழகு’ வரிசையோ பெருமையைப் பற்றுகின்றது. கைவிடப்பட்ட கைப்பேசிகளும் நொறுக்கிய உந்துகளும் அங்குக் குவியல் குவியலாகப் படச்சட்டத்தை நிறைக்கின்றன. நுகர்வின் அளவை உணர்த்துதற்கு இம்முறையே ஏற்றது என்பாரும் உளர். யாம் அதற்கு முற்றும் உடன்படோம். குவியலைத் தொலைவினின்று நோக்குங்கால் அது வண்ணக் கோலமாகிவிடுகின்றது. மருட்கை நிற்க, இளிவரல் நழுவுகின்றது.

எனினும் பென்னிடத்தும் குறையுண்டு. தெருவை நீக்கிவிட்டமையின் எறிந்தவர் எவர், அவற்றைப் பெருக்குபவர் எவர் என்னும் வினாக்கள் படத்துள் எழுவதில்லை. துண்டுகள் கோயில் தூண்கள்போல் உயர்ந்து நிற்கும் சில படங்களில் இரக்கமும் அடங்கி, வடிவழகே எஞ்சுகின்றது. 1977இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவர் வைத்த தெருப்பொருட் படங்களுள் சேறுபடிந்த கையுறை ஒன்று உண்டு. அதனை யாம் மேலாகக் கொள்கின்றோம். அணிந்தவர் இலர், ஆயினும் அவர்தம் விரல்களின் அமைப்பு அதன்கண் நிற்கின்றது.