தீவு சுற்றலும் தீவு காண்டலும்

பிரயாணம் செய்து மீண்டவர் தாம் கண்டதையும் கேட்டதையும் ஊராருக்கு எடுத்துரைத்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதனைக் கேட்பதிலும் படிப்பதிலும் மக்களுக்குத் தனியோர் இன்பம் உண்டு. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகளுக்கு இந்நாளில் மிகுதியாக எழுதப்பெறும் கட்டுரைகளுள் ஒரு வகை, பினாங்குத் தீவைச் சுற்றிப் பார்த்து, ஆங்காங்கு உண்டு மகிழ்ந்து திரும்பிய வரலாறாகும். சிறுகதையையும் செய்யுளையும் நிறுத்துப் பார்க்கும் நாம், இவ்வகைக் கட்டுரைகளைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணி விட்டுவிடுகிறோம். அவ்வாறு விட்டுவிடுதல் தகாது. தோட்டத்தில் வாழும் ஓர் இளைஞன் பினாங்கைப் பற்றி அறியும் முதற் செய்தி பெரும்பாலும் இத்தகைய கட்டுரையால்தான் அவனை அடைகிறது. ஆதலின் இவற்றின் குணமும் குற்றமும் ஆராயத்தக்கன.

முதலில் குணத்தைக் கூறுவோம். இக்கட்டுரையாளருட் பலர் கூட்டத்தோடு கூட்டமாக வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் நடப்பவரல்லர். தாமே நாட்குறித்து, தாமே பேருந்து ஏறி, தமக்கு வேண்டிய இடத்தில் இறங்கி, பசித்தபோது உண்டு திரும்புகின்றனர். சுயேச்சையாகப் பிரயாணம் செய்யும் இவ்வூக்கம் பாராட்டத்தக்கது. பெண்கள் தம் தோழியரோடு துணிந்து செல்வதும், பெற்றோர் தம் மக்களை அழைத்துச் செல்வதும் நம் சமூகத்திற்கு நல்ல அடையாளங்களே.

நிற்க. கால்கள் சுயேச்சை பெற்ற அளவிற்குக் கண்கள் பெற்றனவா என்பதே நம் வினா. வழிகாட்டியை வேண்டாவென்று விட்டவர், கைத்தொலைபேசியில் பிறர் எழுதிவைத்த பட்டியலைப் பின்பற்றி நடக்கின்றனர். எல்லாரும் நின்ற வரிசையில் நின்று, எல்லாரும் உண்டதை உண்டு, எல்லாரும் எழுதியதையே எழுதுகின்றனர். காலையில் நாசி கண்டார், உச்சிப்பொழுதில் செண்டோல், மாலையில் கொடிமலை, இரவில் சார் குவே தியாவ் என்று கட்டுரை ஓடுகிறது. பெயரை மாற்றி இட்டால் ஒருவர் கட்டுரையை மற்றொருவர் தமதென்று கொள்ளலாம்.

இவற்றிற் காணும் முதற்குற்றம், சுவையைச் சொல்லத் தெரியாமை. "நாவூறியது", "அமிர்தம் போன்றிருந்தது", "சொல்லில் அடங்காது" என்னும் மூன்று தொடர்களே எல்லாப் பண்டத்திற்கும் போதியனவாகிவிட்டன. சொல்லில் அடங்காதெனின் எழுத வந்தது எதற்கு? பாலிக் பூலாவ் கடைவீதியில் இருவகை லக்சா கிடைக்கும். ஒன்று, மீனை அவித்து உதிர்த்துப் புளிநீரிற் கரைத்த குழம்பு. அதன்மேல் புதினா, அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், காந்தான் பூ ஆகியவற்றை அரிந்து தூவி, கறுத்த இறால் விழுதைச் சேர்ப்பர். மற்றொன்று தேங்காய்ப்பால் கலந்தது. அதனைச் சயாம் லக்சா என்பர். வடக்கே கெடாவும் அதற்கப்பால் சயாமும் அண்மையில் இருத்தலை அப்பெயர் ஒன்றே காட்டிவிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து உண்டவர், புளிப்பு ஒன்றில் எவ்வாறு முந்தி நிற்கிறது, மற்றதில் தேங்காய்ப்பால் அதனை எவ்வாறு அடக்குகிறது என்று இரண்டு வாக்கியம் எழுதியிருப்பின், படிப்பவர் நாவும் அறிவும் ஒருங்கே பயன்பெற்றிருக்கும்.

இரண்டாவது குற்றம், மலிவைக் கண்டு வியந்து, அம்மலிவை யார் தாங்குகிறார் என்று கேளாமை. சார் குவே தியாவ் பெரிய தீயில் விரைவாகக் கிளறவேண்டிய பண்டம். அகன்ற அரிசிப் பட்டையும் முட்டையும் இறாலும் சிப்பியும் அவரவர்க்குரிய நேரத்திற் சட்டியில் விழவேண்டும். கைதேர்ந்தவர் ஒவ்வொரு தட்டாகவே வறுப்பர். ஒருங்கே பத்துத் தட்டு வறுத்தால் பட்டை குழைந்துவிடும். வரிசை நீளுவதற்குக் காரணம் இதுவே. கட்டுரையாளரோ, "ஒரு மணி நேரம் காத்திருந்தோம், என்றாலும் விலை மிகக் குறைவு" என்று எழுதி முடித்துவிடுகிறார். அவர் ஒரு மணி நேரம் நின்றார். அடுப்படியில் நிற்பவர் நாள்தோறும் பல மணி நேரம் அனலில் நிற்கிறார். அவருடைய மக்கள் அவ்விடத்தில் நிற்க விரும்புவரா? 1972-ஆம் ஆண்டு முதல் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபின் இளைஞர்களுக்கு வேறு வேலைகள் கிடைத்தன. அங்காடிக் கடைகளில் உள்ளூர்ப் பண்டங்களை அயல்நாட்டுத் தொழிலாளர் சமைக்கலாகாதென்னும் விதியைப் பினாங்கு மாநில அரசு 2016-ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுவை மாறாதிருக்க இவ்விதி வேண்டுமென்பார் உளர். கூலிக்கு ஆள் கிடையாத கடை எங்ஙனம் நடக்குமென்பார் உளர். தீவு முழுதும் உண்டு திரிந்தவர் இவ்வழக்கைக் காதிலே வாங்காமல் திரும்பினார் என்றால், அவர் தட்டைக் கண்டாரேயன்றிக் கடையைக் காணவில்லை.

மூன்றாவது குற்றம், ஒற்றுமை பற்றிய வெறும் புகழ்ச்சி. பழைய பிட் தெரு என்று வழங்கிய வீதியையும் அதனையடுத்த தெருக்களையும் பற்றி எழுதாதவர் இல்லை. 1801-இல் நிறுவப்பெற்ற கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1818-இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயமும், சீனரின் கருணைத் தேவி கோயிலும், 1833-ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் அமைந்திருத்தல் உண்மையிலேயே காணத்தக்க காட்சி. ஆனால், "இங்கே எல்லா இனத்தாரும் ஒரே மேசையில் உண்கின்றனர்" என்று எழுதிவிடுதல் எளிது. பன்றிக் கொழுப்பில் வறுத்த பண்டத்தை முஸ்லிம் நண்பர் உண்ணார். மாட்டிறைச்சிக் குழம்பை இந்து நண்பர் பலர் தொடார். எனினும் நண்பர்கள் ஒருங்கு கூடுகின்றனர். எந்தக் கடைக்குப் போவது, எந்தத் தட்டை எங்கே வைப்பது என்று ஒருவர்க்கொருவர் பார்த்து நடந்துகொள்கின்றனர். நாசி கண்டார்க் கடையில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் நிறைந்திருத்தற்கும், வேறு சில கடைகளில் அங்ஙனம் இல்லாமைக்கும் காரணம் இதுவே. இந்த விட்டுக்கொடுத்தலை விரித்துரைப்பவர், வேற்றுமையே இல்லையென்று பாடுபவரினும் ஒற்றுமைக்கு மிக்க தொண்டு செய்பவராவர்.

நான்காவது குற்றம் நம்மவரைப் பற்றியது. நம் மனத்தை மிகவும் வருத்துவதும் அதுவே. பினாங்கைப் பற்றித் தமிழில் எழுதுவோர் தமிழரைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர். அன்றேல், கண்டதெல்லாம் தமிழருடையதே என்று பறைசாற்றுகின்றனர். இரண்டும் பிழை.

காணாமையை முதலிற் பார்ப்போம். 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவிற் கொடி நாட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே இந்தியாவிலிருந்து கைதிகள் இங்கே நாடு கடத்தப்பட்டனர். காடு வெட்டியதிலும், வீதி இட்டதிலும், வடிகால் தோண்டியதிலும் அவர்தம் உழைப்பு உண்டு. வெள்ளைத் தூண்களின் அழகைப் புகழ்ந்து எழுதப்பெறும் புனித ஜார்ஜ் தேவாலயமும் கைதிகளின் உழைப்பால் எழுந்ததே. அத்தூண்களின் எதிரே நின்று படம் பிடித்துக்கொள்ளும் நம் கட்டுரையாளர் இதனை ஒரு வரியிலும் கூறுவதில்லை.

கிழக்குக் கரையோரம் செல்லும்போது கடலில் ஜெரஜாக் என்னும் சிறு தீவு தென்படும். "பசுமையான தீவு" என்று எழுதிக் கடந்து செல்கின்றனர். குஷ்டநோயாளர் புகலிடம் அங்கே இருந்தது. கப்பலில் வந்திறங்கிய தொழிலாளரை நோய்த் தடைக்காகத் தடுத்து வைத்த முகாமும் அங்கேதான் இருந்தது. பிற்காலத்தில், 1969 முதல் 1993 வரை, அது சிறைத்தீவாயிற்று. தோட்டங்களிலுள்ள எத்தனையோ குடும்பங்களின் பாட்டனும் பாட்டியும் மலாயாவில் முதன்முதல் மிதித்த மண் அந்தத் தடுப்பு முகாமின் மண்ணாக இருந்திருத்தல் கூடும். 1985-இல் திறக்கப்பெற்ற முதற் பாலமும் 2014-இல் திறக்கப்பெற்ற இரண்டாம் பாலமும் நம்மைத் தீவிற்குச் சில நிமிடங்களிற் கொண்டு சேர்க்கின்றன. நாட்கணக்காகத் தடுக்கப்பட்டுக் கிடந்தவர் பேரப்பிள்ளைகள் ஒருமுறையேனும் அத்திசையில் நோக்கி, அதன் கதையைத் தம் குழந்தைகளுக்குச் சொல்லுதல் வேண்டாவா?

இனி, மிகைப்படுத்தலைப் பார்ப்போம். நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்களின் உழைப்பிற் பிறந்தது என்பதில் ஐயமில்லை. தோளில் ஒரு கம்பு. அதன் ஒருபுறம் சோற்றுக் கூடை, மறுபுறம் குழம்புக் கூடை. அதனைச் சுமந்து சென்று துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றனர். அச்சுமையே அப்பண்டத்திற்குப் பெயருமாயிற்று. இதனைப் பெருமையுடன் எழுதுக. ஆயின் மீ கோரெங்கை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் மீ சீனர் தந்தது. அதனை மிளகாய்ச் சாந்தும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் கிளறிய கை தமிழ் முஸ்லிம் கை. அதன் பெயரோ மலாய்மொழியில் அமைந்தது. இதனை எவர் ஒருவருக்கு உடைமையாக்குவது? ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி கோயிலின் கோபுரம் 1930-இல் முடிவுற்றது. அதன் அடி சீன முறை, இடை சயாம் முறை, முடி பர்மிய முறை. அக்கோபுரத்தைப் போன்றவையே இத்தீவின் பண்டங்களும். ஒருவர் பங்கை மறைத்தல் எத்துணைக் குற்றமோ, பிறர் பங்கைத் தமதாக்குதலும் அத்துணைக் குற்றமே.

தீவைச் சுற்றினோம் என்போர் மேற்குப் புறத்தை எவ்வளவு கண்டனர் என்பதும் கேட்கத்தக்கது. பத்து பெரிங்கிக் கடற்கரையிலிருந்து தெலுக் பஹாங் வழியாக மலை ஏறி இறங்கினால் பாலிக் பூலாவ் வரும். தீவின் பின்புறம் என்பது அப்பெயரின் பொருள். அங்கே டுரியான் தோப்பும், ஜாதிக்காய் மரமும், கிராம்பு மரமும், நெல் வயலும் உண்டு. கட்டுரைகளிலோ ஒரு குவளை ஜாதிக்காய்ச் சாறும், "குளிர்ச்சியாக இருந்தது" என்னும் குறிப்புமே உள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனியார் வாசனைப் பொருள் வாணிகத்தில் டச்சுக்காரரை வெல்லக் கருதி இம்மரங்களை இத்தீவில் நட்டதும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிற்குப் பின் நோய் கண்டு ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்ததும் அக்குவளையில் அடங்கிய வரலாறு. ஒற்றைப் பயிரை நம்பிய தோட்டம் எவ்வாறு விழும் என்பதை இரப்பர் விலையின் ஏற்றத் தாழ்வில் உழன்ற நம் மக்களைவிட எவர் எளிதில் உணர்வர்?

"இன்பப் பிரயாணம் சென்றவர் மீது இத்துணைப் பாரத்தை ஏற்றலாமா? இரண்டு நாள் ஓய்வு பெற்றுச் சென்றவர் சரித்திர ஆராய்ச்சியும் செய்ய வேண்டுமா?" என்று சிலர் கேட்பர். சுற்றுவதற்கு எவரிடமும் யாதொரு தகுதியும் வேண்டியதில்லை. வாரம் ஆறு நாள் உழைப்பவர் ஏழாம் நாளில் ஒரு தட்டு மீயும் ஒரு கிண்ணம் செண்டோலும் உண்டு கடற்காற்றில் இருப்பது அவரது உரிமை. அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால், எழுதி அச்சிற்கு அனுப்பும்போது அவர் பிறர் பொழுதைக் கேட்கிறார். கேட்டதற்கு ஈடாக ஏதேனும் கொடுத்தல் கடன்.

இவ்வாறு கொடுத்தோர் நமக்கு முன்னரே உளர். மலாக்காவிற் பிறந்தவரும், தமிழும் கற்றவரும், நாகூர்த் தொடர்புடைய குடும்பத்தினருமாகிய முன்ஷி அப்துல்லா 1838-இல் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குக் கடல்வழிச் சென்று, அப்பிரயாணத்தை மலாய்மொழியில் எழுதினார். போன இடமெங்கும் மக்கள் ஏன் வறியராய் இருக்கின்றனர் என்று வினவி, ஆள்வோரின் கொடுமையை அஞ்சாது எடுத்துக்காட்டினார். அவருடைய தீர்ப்புக்களிற் சில கடுமையானவை என்பது நம் கருத்து. ஆயினும் கேட்கவேண்டியதைக் கேட்டார். தமிழில் ஏ. கே. செட்டியார் உலகெங்கும் சுற்றி எழுதிய கட்டுரைகளில் தம்மைக் குறைத்துக்கொண்டு, கண்ட மனிதரையும் செய்தியையும் முன்னிறுத்தினார். இன்றைய கட்டுரைகளில் எழுதியவர் முகம் பத்துப் படங்களில் உள்ளது. சமைத்தவர் முகம் ஒன்றிலும் இல்லை.

ஆதலின் பினாங்கு செல்லும் அன்பர்கட்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். வேண்டியதை உண்ணுங்கள். உண்டபின் ஒரு கடையிலேனும், கூட்டம் குறைந்த வேளையில், இரண்டு சொல் கேளுங்கள்: இத்தொழிலை யாரிடம் கற்றீர், இனி யார் நடத்துவார்? ஒரு கட்டடத்தின் எதிரேயேனும், இதனைக் கட்டிய கை யாருடையது என்று கேளுங்கள். விடை கிடைத்தால் எழுதுங்கள். கிடைக்காவிடில் புகழ்ச்சியால் அவ்விடத்தை நிரப்பாதீர்கள். தோட்டத்துப் பெரியவர் ஒருவர், தம் தாய் தந்தையர் ஜெரஜாக்கில் இருந்த நாட்களைப் பற்றிக் கேட்டறிந்ததைப் பேரனிடம் சொல்லி எழுதுவித்து அனுப்புவாராயின், நூறு தட்டுக்களின் புகழ்ச்சியினும் அவ்வொரு பக்கத்தை நாம் மகிழ்ந்து படிப்போம்.