ராஜபாளையமா, கோம்பையா: உங்கள் வீட்டுக்கு எது?

2020 ஆகஸ்டில் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம்மூர் நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். நாட்டு நாய் வளர்க்கும் ஆசை நகரத்து வீடுகளிலும் இப்போது நன்றாகவே தெரிகிறது. காவலுக்குத் திடமான நாய் வேண்டும் என்பவர்கள் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள். ராஜபாளையம் பக்கத்து நண்பரின் வெள்ளை நாய்களோடும், கம்பம் பள்ளத்தாக்கில் உறவினரின் தென்னந்தோப்பைக் காக்கும் கோம்பையோடும் பழகியதை வைத்து எழுதுகிறேன். எது வீரமான நாய் என்று கேட்டால் விடை கிடைக்காது, இரண்டுமே அப்படித்தான். உங்கள் சுவர் எவ்வளவு உயரம், வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள், நாயை ஓட்டிச் செல்ல யாருக்கு நேரம் இருக்கிறது? இந்த மூன்றும்தான் முடிவு செய்யும்.

உடல்வாகு

ராஜபாளையத்தில் முதலில் கண்ணில் படுவது உயரமும் வெண்மையும். பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். ஆண் நாய் தோள்வரைக்கும் 65 முதல் 75 சென்டிமீட்டர் இருக்கும். 2005இல் அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இதற்கும் இடம் கிடைத்தது.

தேனி மாவட்டத்து மலையடிவார ஊரின் பெயரைத் தாங்கிய கோம்பைக்கு அந்த எடுப்பான தோற்றம் இல்லை. செம்பழுப்பு நிறம், கறுத்த வாய், அகன்ற மார்பு, பலமான தாடை. உயரம் 60 சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். பக்கத்தில் நிறுத்தினால் ராஜபாளையம் ஓட்டக்காரன், கோம்பை மல்யுத்தக்காரன்.

இரண்டுமே வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. ராஜபாளையம் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கும். கோம்பை காட்டுப்பன்றிக்கு முன்னால் விலகாமல் நிற்கும். 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேலைக்கு இடமில்லை. நாயின் ரத்தத்தில் ஊறிய குணம் மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டில் வளர்ப்பவர் சமாளிக்க வேண்டியது அதைத்தான்.

ஓட்டம்

தெருமுனை வரை ஒரு நடை போய்விட்டுத் திரும்பினால் ராஜபாளையத்துக்குப் போதாது. வேலி போட்ட திறந்த இடத்தில் அவிழ்த்துவிட்டு ஓடவிட வேண்டும். தெருவில் கயிறில்லாமல் விடவே கூடாது. பூனையோ கோழியோ கண்ணில் பட்டுவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. ஒல்லியான தலை என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து பின்னுக்கு இழுத்துக் கழன்றுகொள்ளும். அகலமான பட்டை வாங்குங்கள். இடுப்பளவு காம்பவுண்டு சுவரை அது தடையாகவே நினைக்காது.

கோம்பைக்கும் வேலை வேண்டும், ஆனால் அது வேறு மாதிரி வேலை. தோப்பின் எல்லையைத் தானாகவே சுற்றி வரும், வரப்பில் படுத்துக் கவனிக்கும், மறுபடி சுற்றும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் இரண்டு இனமும் மூர்க்கமாகும். அது காவலுக்கு உதவாது, பார்த்தவரையெல்லாம் கடிக்கத்தான் வைக்கும்.

காவலும் பழக்கமும்

ராஜபாளையம் ஒருவரை எஜமானாக ஏற்றுக்கொள்ளும், வீட்டில் மற்றவர்களைப் பொறுத்துக்கொள்ளும். வெளியாள் தலையைத் தடவ வந்தால் முகத்தைத் திருப்பும், மீறினால் உறுமும். நண்பர் வீட்டில் அவர் சொன்னதை உடனே கேட்கும் நாய், அவர் மகன் அதையே சொன்னபோது யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தது. பார்சல் கொண்டுவருபவர், வேலைக்கார அம்மா, டியூஷன் பிள்ளைகள் என்று ஆள் நடமாட்டம் ஓயாத வீட்டுக்கு இது தலைவலி.

தோப்பில் நான் பார்த்த கோம்பை குடும்பம் முழுவதையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. பிள்ளைகளும் ஆடுகளும் அதற்கு வீட்டு ஆட்கள்தான். அந்நியர் வந்தால் முதலில் குரைத்து நிறுத்தும், வீட்டுக்காரர் குரல் கேட்டால் அடங்கும். பிடிவாதம் உண்டு. பிடித்தால் விடாது என்பதால் குட்டியிலேயே 'விடு' என்ற சொல்லுக்குப் பழக்கியாக வேண்டும். பக்கத்து வீட்டு நாயோடு சமாதானமாகப் போகும் என்றும் நம்பாதீர்கள்.

பராமரிப்பு

இரண்டுக்கும் குட்டை முடி, நம்மூர் வெயிலுக்கு ஏசி வேண்டாம், நிழலும் தண்ணீரும் போதும். ஆனால் ராஜபாளையத்தின் வெளிறிய மூக்கும் காது நுனியும் உச்சிவெயிலில் வெந்துபோகும். உண்ணி விஷயத்தில் வெள்ளைதான் வசதி, ஏறியது உடனே தெரியும். செம்பழுப்பு முடியில் விரலால் தடவித் தேட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் உயிரையே வாங்கும் என்பதால் அதில் சோம்பல் கூடாது. கம்பங்கூழும் மோரும் கொடுத்து வளர்க்கும் பழக்கம் உண்டு. வளரும் குட்டிக்கு அதோடு முட்டையும் இறைச்சியும் சேர வேண்டும். பார்வோ தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்குங்கள். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில்.

வாங்கும்போது

தூய வெள்ளை வேண்டும் என்று மற்ற நிறக் குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்ததில் ராஜபாளையத்தின் ரத்தம் குறுகிவிட்டது. வெண்மையோடு சேர்ந்தே வரும் குறை, பிறவிச் செவிடு. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் நின்று கைதட்டுங்கள். திரும்பாத குட்டியை மருத்துவரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும், அதைப் பரிசோதனைக் கருவிதான் கண்டுபிடிக்கும்.

கோம்பையில் சிக்கல் நேர்மாறு. கறுத்த வாயுள்ள செம்பழுப்புத் தெருநாய்க் குட்டியையும் 'ஒரிஜினல் கோம்பை' என்று விற்றுவிடுகிறார்கள். தாயையும், முடிந்தால் தகப்பனையும் நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 2017இன் நாய் இனப்பெருக்க விதிகளின்படி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடமிருந்து கிளம்பிவிடுங்கள்.

தீர்ப்பு

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இரண்டும் வேண்டாம். உயரமான சுவர், குறைந்த ஆள் நடமாட்டம், தினமும் நாயோடு ஓடத் தயாரான ஒருவர் இருந்தால் ராஜபாளையம் எடுக்கலாம். அவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் நாய் தவித்துப்போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தோட்டம், ஆடு மாடு, கூட்டுக் குடும்பம் என்றால் கோம்பை. இரண்டுக்கும் இடம் தரக்கூடிய சராசரிக் கிராமத்து வீட்டுக்கு என் ஓட்டு கோம்பைக்குத்தான். அழகில் ராஜபாளையம் ஜெயிக்கும், ஆனால் எஜமான் இல்லாத நாளிலும் வீட்டில் இருக்கும் மற்றவர்கள் பேச்சைக் கேட்கும் நாய்தான் வீட்டு நாய்.