பரண் வைக்கும் பரீட்சை

தமிழில் கொலு என்றால் அரசன் வீற்றிருப்பது. நமக்கு அது பழஞ்சொல்லாகிவிட்டது. மைசூரில் அப்படியில்லை. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய தசராவுக்கு 1805இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தனித் தர்பாரும் சேர்த்தார். அரண்மனையில் அரச குடும்பத் தலைவர் அமரும் அதே நாட்களில் வீடுகளில் பொம்மை ராஜாவும் ராணியும் அமர்கிறார்கள். கன்னடத்தில் 'பொம்மை வைத்தீர்களா' என்று கேட்பதில்லை, 'கொம்பே கூர்ஸித்தீரா?', உட்கார வைத்தீர்களா என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்டபடி படியேறும் குழந்தைகளுக்குக் கிடைக்கும் தின்பண்டம் 'பொம்பே பாகின'.

அந்த ராஜா ராணிக்குப் 'பட்டத கொம்பே', பட்டத்துப் பொம்மை, என்று பெயர். நம் மரப்பாச்சியின் உறவுதான். ஆனால் நம் வீடுகளில் மரப்பாச்சி பல சமயம் படியோரத்துப் பாட்டி, அங்கே நடுநாயகம். பெண்ணுக்குக் கல்யாணச் சீரோடு வருவது. கடையில் வாங்கும்போது மொட்டை மரம். புடவை, ஜரிகைத் தலைப்பாகை, முத்துமாலை எல்லாம் வீட்டுக் கையால் ஏறவேண்டும். பாதி வேலையை வீட்டுக்காரிக்கு விட்டுவைக்கிறதே, அதனால்தான் இந்தப் பொம்மையை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

மற்ற மரபுகளை அளக்க என்னிடம் இருப்பது ஒரே கோல்: பரண். வருஷத்தில் பத்து நாள்தான் படியில். மிச்ச நாளெல்லாம் பழைய வேட்டிக்குள் சுருண்டு கிடக்கவேண்டும்.

மைசூர் சாலையில் உள்ள சென்னபட்டணம் இந்தப் பரீட்சையில் முதல் வகுப்பு. வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறுகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு. நிறம் உரிவது அபூர்வம். குறை என்னவென்றால், கடைசல் உருண்டையைத்தான் பெறும். அதில் பிறந்த கிருஷ்ணனுக்கும் தபால்காரனுக்கும் ஒரே கன்னம். படிக்குக் கீழே கேழ்வரகு முளைக்கவிட்ட பூங்காதான் அவர்களுக்குப் பொருத்தம்.

தெய்வ முகம் வேண்டுமென்றால் வடக்கே கொப்பள மாவட்டத்துக் கின்னாளம். சித்திரகாரர்கள் லேசான மரத்தில் உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கிப் பொருத்துவார்கள். சணல் துணுக்கும் மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் பிசைந்த கலவை ஒட்டு மறைக்கும். கருடனின் மூக்கை இவர்களைப்போல் யாரும் பிடிப்பதில்லை என்பது என் எண்ணம். ஆந்திரத்துக் கொண்டபள்ளியும் மரத்தூளையும் புளியங்கொட்டையையும் நம்பும் பள்ளிதான். அங்கே மரம் தெல்ல பொணிக்கி, கையில் எடுத்தால் எடையே தெரியாது. அவர்களுடைய அம்பாரி யானையை வாங்கி வைத்துத்தான் பல வீடுகள் தசரா யானை ஊர்வலமான ஜம்பூ சவாரியைப் படியில் நடத்துகின்றன.

நம்மூர் மண் பொம்மை? பண்ருட்டி, மதுரை விளாச்சேரி என்று பேர்போன ஊர்கள் உண்டு. இரண்டு பாதி அச்சில் எடுத்து ஒட்டும் மண்ணில் வரும் நகைநெளிவு, மடிப்பு, விரல்நுனி எதுவும் மரத்தில் வராது. பரணில் முதலில் போவதும் அந்த விரல்தான். எங்கள் வீட்டு வீணை சரஸ்வதி மூன்று விரலோடு இருபது வருஷம் வாசித்தாள். காகிதக்கூழ் பொம்மை விழுந்தால் உடையாது, ஆனால் ஈரம் பட்டால் உப்பும். பாரீஸ் சாந்து மலிவு. மூலை பெயர்ந்தால் உள்ளே வெள்ளை பல்லிளிக்கும். மைசூர் நசர்பாத்தில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் தசராவுக்குமுன் நடத்தும் 'பொம்பே மனெ' கண்காட்சியில் பல மாநிலப் பொம்மைகளையும் ஒரே கூரையில் பார்க்கலாம். அங்கே நான் முதலில் பார்ப்பது கண்ணை. இமைக்கோடு ஒரே இழுப்பில் வந்திருக்கவேண்டும். திருத்தி எழுதிய கண் எதையும் பார்ப்பதில்லை.

அரண்மனையின் கொம்பே தொட்டியில் கண்ணாடிக்குள் நிற்கும் பழம் பொம்மைகளுக்குப் பரண் பயம் கிடையாது. எனக்கென்னவோ அவை கொஞ்சம் அயர்ந்தே தெரிகின்றன.

பாட்டி வழி வந்த எங்கள் ராணிக்கு ஒருமுறை புதுப் பாவாடை தைக்க அளவெடுத்தேன். அம்மா உடுத்திவிட்ட நீலப்பட்டுக்குக் கீழே ஒரு மஞ்சள், அதற்கும் கீழே நைந்துபோன அரக்கு நிறம். கழற்ற மனம் வரவில்லை. இடுப்பளவை அரை அங்குலம் கூட்டித் தைத்தேன்.