ஓர் அட்டைக்குள் தென்னாடு

கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி ஆங்கிலத்தில் எழுதி 1955-இல் வெளிவந்த தென்னிந்திய வரலாறு, கற்காலத்தில் தொடங்கி விஜயநகரத்தின் வீழ்ச்சியோடு நிற்கிறது. மன்னர் பெயர்கள் அடுக்கடுக்காக வரும் பக்கங்களில் பொது வாசகருக்கு மூச்சு முட்டும். விரல் வைத்து மெல்ல நகர்வதே வழி. போர்கள் ஓய்ந்து சமூகம், இலக்கியம், சமயம், கலை என இயல்கள் விரியும்போது நடை இளகுகிறது. ஒரு நூற்றாண்டுச் செய்தி ஒரே பத்தியில் நெருக்கடியின்றி அமர்கிறது. ஆயிரம் கல்வெட்டுகளோடு பழகிய கைக்குத்தான் அவ்வளவு குறைவாக எழுத வரும். இயல் முடிவில் உள்ள நூற்பட்டியல் மாணவருக்கு அடுத்த வாசல்.

இந்நூல் தொடங்கும் கற்காலத்தின் தடயங்கள் சென்னைக்கு அருகிலும் கிடைக்கின்றன. ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அருகே வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகளும் பழம் பானையோடுகளும் வெளிப்பட்டன. சற்றுத் தள்ளிய பல்லாவரத்தில் 1863-இலேயே நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரி கண்டெடுத்தார். வடக்குப்பட்டு போல நூலுக்குப் பின் வந்த கண்டுபிடிப்புகளை அதில் தேட முடியாது. புதிய அகழாய்வு அறிக்கைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் கையளவு சில்லுக் கல்லையும் கறுப்பு சிவப்புப் பானையோட்டையும் எந்தக் காலவரிசையில் வைத்துப் பார்ப்பது என்று கேட்கும் உள்ளூர் மாணவருக்கு, முதலில் எடுத்துக் கொடுக்க ஏற்ற நூல் இன்றும் இதுவே.