மொறிஸ் மைனருக்கு எந்த கேம்? 266, 276, 286 மூன்றையும் ஓடிப் பார்த்ததில்

மொறிஸ் மைனரில் 1275 எஞ்சினை ஏற்றியவர் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: எந்த கேம்ஷாஃப்ட் போடலாம்? பெரும்பாலும் பதிலையும் அவரே வைத்திருப்பார். "286 போட்டால் சத்தமே வேற" என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். சத்தம் வேறுதான், மறுக்க முடியாது. ஆனாலும் இலங்கை வீதிகளில் ஓடப்போகும் மைனருக்கு நான் 266ஐத்தான் சொல்வேன்.

மைனரின் கடைசிக் காலத்து 1098 சிசி எஞ்சின் 48 குதிரைவலு. எம்ஜி மிட்ஜெட்டில் வந்த 1275, அதே ஏ-சீரிஸ் குடும்பம், 65 குதிரைவலு. இதற்கான கேம்களில் நம்மவர்கள் அதிகம் தேடுவது கென்ட் கேம்ஸ் செய்யும் எம்டி வரிசை. 266, 276, 286 என்ற எண்கள், கிராங்க் இரண்டு முறை சுற்றும் 720 பாகையில் இன்லெட் வால்வு எத்தனை பாகை திறந்திருக்கிறது என்பதைக் குறிக்கின்றன. எண் கூடக்கூட, எஞ்சின் உயர் சுற்றில் நன்றாக மூச்சு வாங்கும், தாழ் சுற்றில் திணறும்.

என் காரில் இருப்பது 266. இரட்டை எஸ்யு கார்புரேட்டர், 4.22 டிஃபரன்ஷல். ஏறக்குறைய இதே அமைப்பில் நண்பர்கள் இருவரிடம் 276உம் 286உம் ஓடுகின்றன. மூன்றையும் காலி வீதியின் மாலை நெரிசலிலும், கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்திலும், ஏ9இல் வவுனியாவைத் தாண்டிய நீண்ட நேர்வீதியிலும் ஓடிப் பார்த்தேன்.

வெள்ளவத்தைச் சந்தியில் நிற்கும்போதே 286 தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. ஐட்லிங்கை 1,100 வரை தூக்கி வைத்தால்தான் நிற்காமல் துடிக்கிறது. பஸ்ஸுக்குப் பின்னால் ஊரும்போது கிளச்சை விட்டதும் கார் உதறும், மறுபடி கிளச்சை மிதிக்க வேண்டும். கடுகண்ணாவையில், லொறிக்குப் பின்னால் வேகம் விழுந்து மூன்றாம் கியரில் 2,000 சுற்றுக்கு இறங்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் பயனில்லை. இரண்டுக்கு மாற்றியே ஆகவேண்டும். பின்னர் 3,500ஐத் தாண்டியதும் எஞ்சின் உயிர்த்துக்கொண்டு பாயும். அந்த ஒரு நிமிடம் யாரையும் மயக்கிவிடும். ஆனால் அந்தப் பாய்ச்சலை முழுதாக வாங்க 7,000 வரை போகவேண்டும்; பழைய கிராங்கையும் கனெக்டிங் ராடையும் வைத்துக்கொண்டு அடிக்கடி அங்கே போவதை நான் விரும்பமாட்டேன்.

266இல் இந்த நாடகம் எதுவும் இல்லை. அதே ஏற்றத்தில், அதே லொறிக்குப் பின்னால், மூன்றாம் கியரிலேயே மிதிக்க, சத்தம் கனத்து இழுத்துக்கொண்டு போகிறது. 5,500க்கு மேல் சோர்ந்துவிடும், உண்மை. அந்தச் சுற்றுக்கு வீதியில் எத்தனை முறை போகிறோம்? 276 இரண்டுக்கும் நடுவில். ஐட்லிங்கில் இலேசான துள்ளல், 2,500க்குப் பிறகு நல்ல இழுவை. ஏ9இல் மூன்றிலும் இனிமையாக ஓடியது அதுதான். நெரிசலில் சகிக்கலாம், ஆனால் நாள்தோறும் வேலைக்கு ஓடினால் இடது கால் நினைவுபடுத்தும்.

இந்த எஞ்சினில் கேமின் வேறுபாடு இவ்வளவு கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம் சிலிண்டர் ஹெட். நான்கு சிலிண்டருக்கும் இரண்டே இன்லெட் வழிகள்: ஒன்றும் இரண்டும் ஒரு வழியில், மூன்றும் நான்கும் மற்றதில். எரியும் வரிசை 1-3-4-2. ஆகவே இரண்டாம் சிலிண்டர் இழுக்கத் தொடங்கி 180 பாகையில், அதே குழாயிலிருந்து முதலாம் சிலிண்டரும் இழுக்கத் தொடங்கும். 286 கேமில் இந்த இரண்டு வால்வும் 106 பாகைக்கு ஒன்றாகத் திறந்து கிடக்கின்றன. 266இல் அது 86. அந்த நேரத்தில் ஒன்றின் கலவையை மற்றது பறிக்கிறது. உயர் சுற்றில் காற்றின் வேகம் இதைச் சமாளித்துவிடும். தாழ் சுற்றில் கார்புரேட்டர் பிஸ்டனே நடுங்குவதைப் பார்க்கலாம். வேறு எஞ்சின்களுக்கு எழுதப்பட்ட கேம் ஆலோசனையை இதற்கு அப்படியே எடுக்கக்கூடாது என்பதும் இதனால்தான்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. 4.22 டிஃபரன்ஷலும் 14 அங்குலச் சில்லும் உள்ள மைனர், நான்காம் கியரில் மணிக்கு 70 கிலோமீற்றரில் ஏறக்குறைய 2,700 சுற்றில் ஓடும். ஊருக்கு வெளியே சாதாரண வீதியில் கார்களுக்குச் சட்டம் அனுமதிப்பதும் அந்த 70தான். அதாவது 286 கண் விழிப்பதற்கு முன்பே நம் வேக எல்லை முடிந்துவிடுகிறது. அதிவேகப் பாதையில் 100இல் போனாலும் 4,000ஐத் தொடாது. கேம் தெரிவுசெய்பவர் முதலில் பார்க்கவேண்டியது தன் சுற்றுமானி வழக்கமாக நிற்கும் இடத்தை.

கம்பிரஷனையும் இதோடு சேர்த்தே யோசிக்கவேண்டும். நீண்ட கேமில் இன்லெட் வால்வு தாமதமாக மூடுவதால், பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் கலவை பின்னால் தப்பிப் போகிறது. அதை ஈடுசெய்ய 286க்கு 10.5 அளவில் கம்பிரஷன் வேண்டும், 95 பெற்றோல்தான் ஊற்றவேண்டும். 266 ஒன்பதரைக்கே திருப்தியாக ஓடும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள், கொஞ்சம் பெற்றோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். தாழ்ந்த கம்பிரஷனும் சாதுவான கேமும் இல்லாதிருந்தால் அது நடந்திருக்காது. முன்பக்க டிஸ்க் பிரேக்கோடு வேக்குவம் சேர்வோவும் பொருத்தியவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: 286 ஐட்லிங்கில் தரும் வேக்குவம் குறைவு, பிரேக் மிதி கனத்துப்போகும்.

இதையெல்லாம் முன்கூட்டியே வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 948, 1098 பிளாக்குகளின் பக்கவாட்டில் மூடிகள் இருக்கும். அவற்றைத் திறந்து ஃபாலோவர்களை எடுத்துவிடலாம். பெரும்பாலான 1275 பிளாக்குகளில் அவை இல்லை. கேமை உருவிய பிறகு கீழ்வழியாகத்தான் ஃபாலோவர் வரும், ஆகவே எஞ்சின் வெளியே வந்தாகவேண்டும். பிடிக்கவில்லை என்று அடுத்த வாரம் மாற்றிப் பார்க்கும் பொருள் இல்லை இது.

புதிய கேமுக்குப் புதிய ஃபாலோவர்கள் கட்டாயம். இரண்டு புதிய ஃபாலோவர்களின் அடிமுகங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துப் பாருங்கள்: இலேசாக ஆடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குவிவும், கேம் லோபில் உள்ள மிகச் சிறிய சரிவும் சேர்ந்துதான் ஃபாலோவரைச் சுழலவைக்கின்றன. ஓடித் தேய்ந்தவற்றை அப்படிப் பிடித்தால் ஆடாது, நடுவில் குழி விழுந்திருக்கும். அதைப் புதிய லோபின் மேல் வைத்தால் லோபையே தின்றுவிடும்.

பழைய கேமை லேத்தில் கொடுத்துத் தேய்த்துக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. கடினப்பட்ட மேல்தோல் போய்விட்டால் எந்த வடிவமும் நிலைக்காது. நண்பரின் கார் ஒன்றில் அப்படித் தேய்த்த கேமின் இரண்டு லோபுகள் மழுங்கி, எண்ணெயில் மினுமினுவென்று இரும்புத்தூள் மிதந்ததைப் பார்த்தேன். காசு இல்லாவிட்டால், ஒழுங்காக இருக்கும் பழைய கேமையே விட்டுவைப்பது மேல்.

வாங்குவதற்கு முன் கேமின் வாலைப் பாருங்கள். எண்ணெய்ப் பம்பை ஓட்டும் முனை ஏ-சீரிஸில் ஒரே மாதிரி இல்லை, உங்கள் பம்போடு பொருந்தவேண்டும். பூட்டும்போது சங்கிலிச் சக்கரங்களின் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துவிட்டு மூடிவிடாதீர்கள். பாகைத் தகடும் டயல் கேஜும் வைத்து, முதலாம் சிலிண்டரின் இன்லெட் வால்வு உச்சிக்கு எழும் இடத்தை கேமோடு வரும் அட்டையோடு ஒப்பிட்டால், சில பாகை பிசகியிருப்பது சாதாரணம். ஆஃப்செட் சாவி போட்டுச் சரிசெய்யலாம். முதல் கிளப்பலில் ஐட்லிங்கே கூடாது: துத்தநாகச் சேர்மம் உள்ள 20W-50 எண்ணெயோடு, 2,000 முதல் 2,500 சுற்றில் இருபது நிமிடம் விடவேண்டும். அதற்கு முன்பே பற்றவைப்பும் பெற்றோலும் சரியாக இருக்கவேண்டும், கிளப்பிவிட்டுத் தேடக்கூடாது.

தூரப் பயணத்துக்கென்றே கார் வைத்திருப்பவர் 276 போடலாம், நான் தடுக்கமாட்டேன். 266 போட்டவருக்குப் பின்னர் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று தோன்றினால், எஞ்சினை இறக்காமலே 1.5 விகித ரொக்கர்கள் பொருத்தலாம். வால்வு உயரம் கூடும், கேமின் பாகை மாறாது. 286ஐ நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்கு இறங்குபவர் வாங்கட்டும். அவர் அதோடு பலப்படுத்திய கிராங்கையும், 4.55 டிஃபரன்ஷலையும், நல்ல வால்வு ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே வாங்கவேண்டும்.