ஏமாற்றமும் அளவுகோலும்: 'தக் லைஃப்' விவாதம் பற்றி ஒரு நோக்கு

புகழ்பெற்ற கலைஞன் ஒருவனின் புதிய ஆக்கம் இரசிகரை ஏமாற்றும்போது எழும் விவாதம் அவ்வாக்கத்துடன் நின்றுவிடுவதில்லை. அவனுடைய முன்னைய ஆக்கங்கள் யாவும் அங்கு சாட்சிகளாக அழைக்கப்படுகின்றன. 2025 யூன் 5ஆம் திகதி வெளிவந்த 'தக் லைஃப்' இதற்கு அண்மைக்கால உதாரணமாகும். 1987இல் 'நாயகன்' படத்தைத் தந்த மணிரத்தினமும் கமல்ஹாசனும் ஏறத்தாழ 38 ஆண்டுகளின் பின் மீண்டும் இணைந்த படம் இது. திரைக்கதையை இருவரும் சேர்ந்தே எழுதினர். எதிர்பார்ப்பு எவ்வளவு பெரிதாயிருந்ததோ, ஏமாற்றமும் அவ்வளவு பெரிதாயிற்று.

தமிழ்ப்படம் பார்க்கப்படும் இடமெங்கும் எழுந்த வாதங்களை மூன்றாக வகுக்கலாம். நெறியாளரின் ஆற்றல் வற்றிவிட்டது என்பது முதலாவது. குறை படத்தில் இல்லை, இன்னொரு 'நாயக'னை எதிர்பார்த்த இரசிகரிடமே உள்ளது என்பது இரண்டாவது. நட்சத்திரத்தின் நிழல் நெறியாளரை மறைத்துவிட்டது என்பது மூன்றாவது.

முதலாவது வாதத்தை வரலாறு ஏற்கவில்லை. 'ராவணன்' (2010), 'கடல்' (2013), 'காற்று வெளியிடை' (2017) ஆகியவையும் பலரை ஏமாற்றியவையே. ஆயினும் அவற்றின் இடையிலும் பின்னரும் 'ஓ காதல் கண்மணி' (2015), 'செக்கச் சிவந்த வானம்' (2018), இரு பாகங்களாக வந்த 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) ஆகியன வரவேற்கப்பட்டன. ஏற்றமும் இறக்கமும் விரவிய இப்பாதையை முதுமையின் சரிவு எனக் கூறுதல் பொருந்தாது. மூன்றாவது வாதமும் நிறைவானதன்று. 'நாயக'னிலும் நட்சத்திரம் அவரேயன்றோ?

இரண்டாவது வாதமே ஆராய்தற்குரியது. இன்னொரு 'நாயக'னை எதிர்பார்த்தவர்களிடம் நெறியாளர் வருத்தம் தெரிவித்தார் எனவும், முற்றிலும் வேறான ஒன்றையே செய்ய விரும்பினார் எனவும் செய்திகள் வெளியாயின. ஆனால் இரு படங்களையும் அருகருகே வைத்து நோக்கின், ஒப்பீட்டுக்கு இரசிகரை அழைத்தது படமே என்பது புலனாகும்.

'நாயக'னில் வேலு, கேல்கர் என்ற பொலிஸ் அதிகாரியைக் கொல்கிறான். பின்னர் அவனுடைய விதவைக்கும் மனவளர்ச்சி குன்றிய மகனுக்கும் ஆதரவாகிறான். இறுதியில் அந்த மகனின் துப்பாக்கிக்கே அவன் இரையாகிறான். 'தக் லைஃப்' படத்தில், 1994இல் டில்லியில் நிகழும் துப்பாக்கிச் சண்டையில் தந்தையை இழந்த அமர் என்ற சிறுவனைச் சக்திவேல் எடுத்து வளர்க்கிறான். வளர்ந்தவன் வளர்த்தவனுக்கே பகையாகிறான். முன்னைய படத்தில் ஓர் இழையாக இருந்தது பின்னையதில் முழுக்கதையாக விரிந்திருக்கிறது.

அவ்வாறு விரிந்தும் அதன் கனம் குறைந்தது ஏன்? கேல்கரின் மகன் தோன்றும் காட்சிகள் சிலவே. எனினும் அவன் வரும்போதெல்லாம் வேலுவின் அறம் தீராத கடனொன்றைச் சுமந்து நிற்பதைப் பார்வையாளர் உணர்வர். வேலுவின் வாழ்வில் நேரும் ஒவ்வொரு சாவுக்கும் விலை உண்டு. மனைவி நீலா கொல்லப்படுகிறாள். மகன் சூர்யாவும் உயிரிழக்கிறான். மகள் சாருமதி தந்தையை வெறுத்து விலகுகிறாள். சக்திவேலுக்கும் அமருக்கும் இடையிலான பாசமோ நிகழ்ந்ததாக நமக்குச் சொல்லப்படுகிறதேயன்றி, நம் கண்முன் வளர்வதில்லை. வளராத உறவு முறியும்போது வலி பிறப்பதில்லை. பனிமலையில் இறந்தவனாகக் கைவிடப்பட்ட சக்திவேல் உயிர்பிழைத்துப் பழிதீர்க்க மீள்கிறான். இயமனைத் திரும்பத் திரும்ப வெல்பவனின் கதையில் சாவு அச்சமூட்டும் ஒன்றாக எஞ்சுவதில்லை.

இந்திராணி என்ற பாத்திரமும் இக்குறைக்குச் சான்று. சக்திவேலுக்கும் அமருக்கும் இடையில் வைக்கப்பட்ட அவளுடைய விருப்பு வெறுப்புகளுக்குப் படத்தில் இடமில்லை. வெளியீட்டுக்கு முன்னரே பெரிதும் பேசப்பட்ட 'முத்த மழை' என்ற பாடல் திரையரங்குப் படத்தில் இடம்பெறவில்லை எனப் பலர் குறைப்பட்டனர். அங்கு காணாமற்போனது பாடல் மட்டுமன்று, அவளுடைய அகமும் ஆகும்.

ஈழத்துக் கரையிலிருந்து நோக்குவோர்க்கு இன்னொரு வேறுபாடும் தெரியும். வேலு தூத்துக்குடிச் சிறுவன். தொழிற்சங்கத் தலைவனான தந்தை பொலிஸாரால் கொல்லப்பட, அவன் பம்பாய்த் தாராவிக்கு ஓடி, அந்நிய மொழியினர் நடுவே தமிழரின் குடிசைகளில் ஒதுங்குகிறான். புத்தளக் கரையின் மாம்புரிக்கு மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையே தூத்துக்குடி. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வந்து தங்கிய மாவட்டமும் புத்தளமே. வேரிழந்து வந்தவன் புதிய மண்ணில் எதைப் பற்றி நிற்பான் என்ற வினா அத்தகைய மண்ணில் வெறும் திரைவினாவன்று. 'நாயகன்' அவ்வினாவைச் சேரியின் சந்துகளிலும் வீடிடிக்க வருவோரின் முன்னிலையிலும் வைத்துக் கேட்டது. 'தக் லைஃப்' காட்டும் டில்லியிலோ, சக்திவேலின் ஆட்சியால் வாழ்ந்தவர் யார், அழிந்தவர் யார் என்பது தெளிவாவதில்லை. மக்கள் இல்லாத இடத்தில் தலைவனும் இல்லை. ஆயுதம் ஏந்திய தனிமனிதன் மட்டுமே உளன்.

ஆகவே இரசிகர் பழையதையே கேட்டனர் என்னும் குற்றச்சாட்டு முழுமையானதன்று. அவர்கள் கேட்டது பழைய கதையை அன்று. செயலுக்கு விளைவும், சாவுக்குத் துயரும், தலைவனுக்கு மக்களும் வேண்டுமென்றே கேட்டனர். அந்த அளவுகோலை அவர்களின் கையில் தந்தவர் மணிரத்தினமே. 1987இல் தாம் கற்பித்த பாடத்தை இரசிகர் மறவாதிருப்பது கண்டு எந்த நெறியாளனும் வருந்த வேண்டியதில்லை.