என். எஸ். ஹர்ஷாவின் ஓவியங்கள்: பந்தியும் கூட்டமும்

என். எஸ். ஹர்ஷா (பிறப்பு: 1969) மைசூரைச் சேர்ந்த ஓவியர். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் ஓவியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 2008இல் வேல்சின் ஆர்ட்டெஸ் முண்டி பரிசு இவருக்குக் கிடைத்தது. 2017இல் தோக்கியோவின் மோரி கலை அருங்காட்சியகம் இவருடைய படைப்புகளை ஒருசேரக் காட்சிக்கு வைத்தது.

இவருடைய ஓவியங்களில் அடிக்கடி வருவது வரிசை. காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. அங்கே கண் அரசனைத் தேடிப் போய் நிற்கும். ஹர்ஷாவிடம் அரசன் இல்லை. 'வருகிறோம், உண்கிறோம், உறங்குகிறோம்' (1999–2001) என்ற மூன்று பகுதி ஓவியத்தில் சிறு சிறு மனிதர்கள் வருகிறார்கள், பந்தியில் உண்கிறார்கள், உறங்குகிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஒருவர் முகம்போல் இன்னொருவருக்கு இல்லை. கிட்டப்போய்ப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

பந்தி என்பது நம் நாட்டில் வெறும் சாப்பாட்டு வரிசை அன்று. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி வைத்தது தமிழகத்தையே உலுக்கியது. அச்சூடு ஆறாத 1925இல்தான், வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாததால், பெரியார் காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரசை விட்டு வெளியேறினார். இதை அறிந்தவர்களுக்கு ஹர்ஷாவின் பந்தி அரசியலாகவே தெரியும்.

ஒரு குறையும் உண்டு. டோக்கியோவில் 2008இல் அமைத்த 'மிச்சங்கள்' படைப்பில், உண்டு முடித்த வாழையிலைகளைப் பிளாஸ்டிக் உணவு மாதிரிகளோடு வரிசையாக வைத்தார். எச்சில் இலையை எடுப்பவர் யார் என்ற கேள்வி தமிழருக்கு உடனே எழும். மாதிரிகளின் நேர்த்தி அக்கேள்வியை மழுக்கிவிடுகிறது. விளையாட்டு அங்கே வெறும் விளையாட்டாகவே நின்றுவிடுகிறது.

'வந்து எங்களுக்கு ஓர் உரை ஆற்றுங்கள்' (2008) அப்படியன்று. ஆறு பகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நம்மைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். மேடை இல்லை, பேச்சாளர் இல்லை. ஓவியத்தின் முன் நிற்பவரே பேச்சாளர்! பொதுக்கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்தே பழகியவருக்கு இது சிறிது கூச்சம் தரும்.

ஹர்ஷாவின் படைப்புகளில் மிக வலுவானது 'நாடுகள்' (2007). ஐ.நா. உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கால்மிதித் தையல் இயந்திரம்; ஒவ்வொன்றிலும் துணியில் வரைந்த ஒரு கொடி; இயந்திரங்களுக்கிடையே சிக்கிக் கிடக்கும் வண்ண நூல்கள். தைப்பவர் ஒருவரும் இல்லை. மனித முகங்களாலேயே திரையை நிரப்பும் ஓவியர் இங்கே ஒரு முகத்தைக்கூட வைக்கவில்லை. கோர்வைப் பட்டுச் சேலைக்கு நெசவாளியோடு கரைக்கு நாடா போடவும் ஓர் ஆள் தேவை. கடையில் விரித்துக் காட்டும் சேலையில் இருவரும் தெரிவதில்லை. தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த ஆளில்லாத இயந்திரங்கள் எதைப் பற்றியவை என்று விளக்க வேண்டியிராது.